பந்தியில் மடங்காத கால்

நான் தாண்டிய பள்ளத்தின் அகலம் நாலடி. இதை இப்போதே உண்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்கப்புறம் சொல்லப் போவதில்லை. நான் பென்ஷன் வாங்க ஆரம்பித்த வருஷம் அது எட்டடியாக இருந்தது. போன நவராத்திரிக்குப் பதினாறடி ஆயிற்று. இப்போது அதன் அடியில் தண்ணீரும், தண்ணீரில் ஒரு ஜோடி முதலையும் இருக்கின்றன. இன்னும் ஐந்து வருஷம் எனக்கு ஆயுசு இருந்தால் அதன்மேல் சர்க்கார் ஒரு பாலம் கட்டவேண்டியிருக்கும்.

பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த சமயம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழின் கடைசி. உள்ளூர்க் காவலுக்கென்று கல்கத்தாவில் ஒரு படை திரட்டினார்கள். குமாஸ்தாக்களும் சேரலாம் என்று அறிவித்தார்கள். மூன்று மாதம் மைதானத்தில் பயிற்சி. கடைசியில் ஒரு பரீட்சை. தேறினவர்கள் ராஞ்சிப் பக்கம் முகாமுக்குப் போவார்கள். அங்கே நிஜத் துப்பாக்கி, நிஜத் தோட்டா, கூடாரம், எல்லாம் உண்டு. தேறாதவர்கள் காக்கியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடக்கலாம். என் விஷயத்தில் வீடு என்பது காளிகாட்டில் ஒன்பது தமிழ்க் குமாஸ்தாக்கள் சேர்ந்து நடத்திய மெஸ். பகலெல்லாம் கிடர்பூர்க் கிடங்கில் சணல் மூட்டைகளுக்கு நம்பர் போடுகிற வேலை.

எனக்கு அந்த முகாம் வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்கிறேன். என் உத்தியோகம் மாமா பார்த்தது. பெண்டாட்டி அப்பா பார்த்தது. கல்கத்தாவைக்கூட நான் கேட்கவில்லை. மாயவரத்தில் ரயில் ஏற்றினார்கள், ரயில் நின்ற இடத்தில் இந்த ஊர் இருந்தது. இருபத்திரண்டு வயது வரையில் நானாகப் போய், நானாகக் கேட்டு, நானாகக் கையெழுத்துப் போட்ட ஒரே காரியம் இந்தப் படைதான். மார்பளவு போதாது என்று சொல்லிவிடப் போகிறார்களே என்று மூச்சை இழுத்துப் பிடித்தேன் பாருங்கள், அளந்து முடித்து நாலு நாள் கழித்துத்தான் வெளியே விட்டேன்.

என்னோடு கையெழுத்துப் போட்டவன் சந்தானம். அதே மெஸ், அதே கிடங்கு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே டிரங்குப் பெட்டி, ஒரே கண்ணாடி. அவன் ஆறடி, நான் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேலே. கண்ணாடியை அவன் உயரத்துக்கு மாட்டியிருந்தான், ஆகையால் அந்த மூன்று வருஷமும் நான் என் நெற்றியை மட்டுமே பார்த்து வாழ்ந்தேன். படையில் சேர்ந்த அன்றைக்குக் காளி கோவிலுக்குப் போனோம். ஆளுக்கு ஒரு செம்பருத்தி மாலை வாங்கினோம். "போனா ரெண்டு பேரும் போவோம். நின்னா ரெண்டு பேரும் நின்னுடுவோம்" என்று அவன்தான் முதலில் சொன்னான். அதை அப்படியே நான் திருப்பிச் சொன்னேன். இதில் நான் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் ஹவில்தார் ஜோராவர் சிங். அவருடைய மீசையின் இரண்டு நுனிகளும் இரண்டு வெவ்வேறு ஜில்லாக்களில் இருந்தன. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அவர் கண்ணுக்குத் தனி ஆள் தெரியமாட்டான், ஜோடிதான் தெரியும். முன் வரிசையில் ஒருவன், அவனுக்கு நேர் பின்னால் ஒருவன். ஒருவன் தப்புச் செய்தால் இரண்டு பேருக்கும் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். பரீட்சையிலும் அப்படித்தான். ஜோடியில் ஒருவன் தவறினால் இருவரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஒரே ஒரு விலக்கு: பரீட்சைக்கு முன்னாலேயே டாக்டர் ஒருவனை லாயக்கில்லை என்று எழுதிவிட்டால், மற்றவனுக்கு வேறு ஜோடி கொடுப்பார்கள். முன்னால் சந்தானம், பின்னால் நான். இதுதான் எங்கள் ஜோடி.

பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போது அந்தப் பள்ளம் வந்தது. அதாவது, தாண்டச் சொன்னார்கள். சந்தானம் கொக்கு மாதிரித் தாண்டினான். நான் அவனுக்குப் பின்னால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பறந்தேன். பறந்ததில் குறை ஒன்றுமில்லை. இறங்கினதில்தான் வலது கால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போய்விட்டோம். முழங்காலில் வெண்டைக்காயை ஒடித்தாற்போல் ஒரு சத்தம்.

"எழுந்திருடா! ஹவில்தார் பாக்கறார்" என்றான் சந்தானம் பல்லைக் கடித்துக்கொண்டு.

"முழங்கால் போச்சுடா."

"எங்கேயும் போகலை, இங்கேதான் இருக்கு. என் தோளைப் பிடிச்சுக்கோ. சிரி. சிரிடான்னா!"

சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு ஹவில்தார் என்னைத் தைரியசாலி என்று நினைத்திருக்கவேண்டும். மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு அடுத்த ஜோடியிடம் போய்விட்டார். ட்ராமில் வரும்போது சந்தானம் என் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். எதிரே உட்கார்ந்திருந்த வங்காளிப் பெரியவர் ஒருவர், "எந்த முனையில் சண்டையிட்டீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டார். "மெசபொடேமியா" என்றேன் நான். வலியிலும் அதற்கு மட்டும் குறைச்சல் இல்லை.

எங்கள் மெஸ் சமையல்காரன் வைத்தீஸ்வரன், வைத்தி என்று கூப்பிடுவோம், காலைப் பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அண்ணா, இது முழங்காலா, பூசணிக்காயா? நாளைக்குச் சாம்பார்ல போட்டா ஒம்பது பேருக்கும் காணுமே!"

"வாயை மூடிண்டு மஞ்சள் அரை" என்றான் சந்தானம்.

மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துக் காய்ச்சிப் பத்துப் போட்டார்கள். மறுநாளிலிருந்து தினமும் காலையும் மாலையும் சந்தானம் தன் கையால் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தான். சூடு அதிகமாயிருந்தால் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்து ஆற்றிவிட்டு அப்புறம்தான் என் காலில் வைப்பான். இதையும் சொல்லிவிடவேண்டும் இல்லையா? சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது உங்களுக்குச் சும்மா ஒரு விஷயமாகத்தான் தோன்றும்.

வீக்கத்தை மறைப்பதற்கு எங்களுக்குச் சர்க்காரே ஒத்தாசை செய்தது. படையில் கொடுத்த நிஜார் ஏதோ ஒரு பஞ்சாபி மல்லனுக்குத் தைத்தது. மற்றவர்களுக்கு முழங்காலுக்கு மேல் நின்றது, எனக்கு முழங்காலை மூடி அதற்குக் கீழேயும் இரண்டு சாண் தொங்கிற்று. அதற்குள் பூசணிக்காய் என்ன, ஒரு குடும்பமே குடியிருக்கலாம். மஞ்சள் பத்து கசிந்தாலும் காக்கியில் தெரியவில்லை. அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவன் நிச்சயமாக முழங்கால் அடிபட்டவன்.

இன்னொரு அதிசயமும் நடந்தது. கால் மடங்கவில்லை. மடங்காத காலை வைத்துக்கொண்டு எப்படி நடப்பது? விறைப்பாகத்தான் நடக்கவேண்டும். விறைப்பாக நடப்பதற்குத்தானே அங்கே மூன்று மாதமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்? அடிபட்ட மூன்றாம் நாள் ஹவில்தார் அணிவகுப்பை நிறுத்தினார். என்னைத் தனியே வெளியே கூப்பிட்டார். செத்தேன் என்று நினைத்தேன்.

"எல்லோரும் பாருங்கள்! இந்த மதராஸி நடக்கிறானே, இதுதான் நடை! ஷாபாஷ்!"

என்னைத் தனியாக மைதானத்தின் குறுக்கே நடக்கவிட்டு எண்பது பேரைப் பார்க்கச் சொன்னார். மைதானத்துக்குப் பக்கத்துக் கோட்டையிலிருந்து வெள்ளைக்கார அதிகாரிகள் தூரதிருஷ்டிக் கண்ணாடி போட்டுப் பார்த்ததாகவும் கேள்வி. அந்தக் கேள்வியைக் கிளப்பினவன் நான்தான்.

ஆனால் மண்டியிடுவது ஒன்று இருந்தது. சுடும் பயிற்சியில் முன் வரிசை மண்டியிடும், பின் வரிசை நின்றுகொண்டு சுடும். நான் பின் வரிசை, ஆகையால் அந்த எட்டு நாளும் தப்பித்தேன். பரீட்சை அன்றைக்கு மட்டும் பாதியில் வரிசையை மாற்றுவார்கள். அப்போது நான் முன்னால் வந்து வலது முழங்காலைத் தரையில் ஊன்றி மண்டியிட்டு, சொன்னவுடன் எழுந்திருக்கவேண்டும். பொங்கலுக்கு மூன்றாம் நாள் பரீட்சை.

போகிப் பண்டிகையன்று காலையில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்கும்போது சந்தானம் கேட்டான்.

"பாலு, மண்டி போட முடியுமாடா?"

"முடியும்."

"இப்போ போட்டுக் காட்டேன்."

"மூணு நாள் இருக்கு. அன்னிக்கு ஒரு தடவை போட்டா போறும். அதுவரைக்கும் அதுக்கு ரெஸ்டு."

"முடியலைன்னா?"

"முடியும்னு சொல்றேனோல்லியோ?"

அவன் துணியை மறுபடி சட்டியில் ஒற்றினான். கன்னத்தில் வைத்துப் பார்த்தான். "சரி" என்றான்.

எத்தனையோ பேர் எத்தனையோ தடவை என்னிடம் "சரி" சொல்லியிருக்கிறார்கள். அந்தச் 'சரி' மட்டும்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் அவன் ஒரு சேதி கொண்டுவந்தான். "நாளைக்கு நம்ம மெஸ்ஸுக்கு டாக்டர் பாபுவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன்."

டாக்டர் பாபு என்பது எங்கள் படைக்கு வைத்தியம் பார்த்த நிபாரண் சக்ரவர்த்தி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். வயிற்றுவலி என்று பொய் சொன்னவர்களை இருபது கஜத்தில் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர்.

"உனக்குப் பைத்தியமாடா?" என்றேன். "உலகத்திலே வேற ஆளே கிடைக்கலியா?"

"அந்த மனுஷனுக்கு ஒரு வேளை சாப்பாடு போட்டா என்ன தப்பு? அவாளுக்கும் நாளைக்குச் சங்கராந்திதான். நம்மாத்துப் பொங்கல் சாப்பிட்டுப் பார்க்கணும்னு ஆசைப்பட்டார்."

"நான் எப்படிடா பந்தியிலே உக்காருவேன்?"

"நீ ஏன் உக்காரணும்? பரிமாறு. பரிமாறறவனைச் சம்மணம் போட்டு உக்காருன்னு யார் சொல்லப் போறா?"

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த எட்டு நாளும் நான், பயிற்சிக்கு நேரமாயிற்று என்று மற்றவர்களிடம் சாக்குச் சொல்லிவிட்டு, சமையலறையில் அரிசி மூட்டைமேல் காலை நீட்டி உட்கார்ந்து, கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் இலையை வைத்துக்கொண்டு சாப்பிட்டவன். பந்தி என்றால் அது முடியாது. எங்கள் கூடம் ட்ராம் வண்டி அகலம்தான். ஒரு சுவரோரமாக இலைகள், மற்ற சுவரோரமாகப் பரிமாறுகிறவன் நடக்கும் வழி. யாராவது ஒருவன் காலை நீட்டினால் வழி அடைபட்டுப் போகும். கடைசி ஆள் உட்காரும் வரையில் யாரும் சோற்றில் கை வைக்கக்கூடாது. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கும் வரையில் யாரும் எழுந்திருக்கக்கூடாது. வெளியூரிலே இருக்கிறோம் என்று அந்த மெஸ்ஸில் எதை விட்டாலும் விட்டார்கள், இதை மட்டும் விடவில்லை. பரிமாறுகிறவனுக்கு இந்தத் தொந்தரவு ஒன்றும் கிடையாது. நின்றபடியே காரியத்தை முடித்துவிட்டு அப்புறம் என் அரிசி மூட்டைக்குப் போய்விடலாம்.

மறுநாள் வைத்தி வெல்லத்துக்குப் பதிலாக இந்த ஊர் ஈச்சவெல்லத்தைப் போட்டுச் சர்க்கரைப் பொங்கல் பண்ணியிருந்தான். அந்த வாசனைக்குப் பக்கத்து ஆதி கங்கைக் கால்வாயில் போன படகுகள் திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றன. நிபாரண் பாபு பதினோரு மணிக்கு வந்தார். ஜிப்பா, பஞ்சகச்சம், சால்வை. கையில் அவருடைய கறுப்புத் தோல் பை. செருப்புக்குப் பக்கத்தில் அதை வைத்தார். பண்டிகைச் சாப்பாட்டுக்கு எதற்குப் பை என்று ஒரு கணம் தோன்றிற்று. டாக்டர்கள் பூணூலைக் கழற்றினாலும் பையைக் கழற்றமாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். அவ்வளவு புத்திசாலி நான்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு என் பிரசித்தி பெற்ற நடையில் கூடத்துக்கு வந்தேன். நிபாரண் பாபு மடியில் ஒரு குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம் போல் அழகாகச் சம்மணமிட்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஒரு இலை காலியாக இருந்தது. அது சந்தானத்தின் இலை என்று நினைத்தேன்.

சந்தானம் எனக்குப் பின்னால் வந்தான். என் கையிலிருந்த வாளியின் பிடியைப் பிடித்தான்.

"கொடுடா. நான் பரிமாறறேன். நீ உக்காரு."

நான் விடவில்லை. "நான் பரிமாறறேனே" என்றேன்.

"பாலுதான் எங்க கம்பெனியிலேயே நன்னா நடக்கறவன், டாக்டர் பாபு! இன்னிக்கு அவன் உங்க பக்கத்திலே உக்காந்து சாப்பிடணும். என்ன, நான் சொல்றது?" என்று பந்தியைப் பார்த்து உரக்கச் சொன்னான். இங்கிலீஷிலும் ஒரு தடவை சொன்னான்.

"ஆமாமா! உக்காருடா பாலு!" என்றார்கள் எல்லோரும். பாவம், அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வைத்தி மட்டும் சமையலறை வாசலில் கரண்டியும் கையுமாக நின்றான்.

வாளி எங்கள் இருவர் கையிலும் இருந்தது. நான் சந்தானத்தின் முகத்தைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்த்தான். மெதுவாக என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். சூட்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்த அதே ஜாக்கிரதையோடு விலக்கினான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடது கால் மடங்கிற்று. வலது கால் ரயில் தண்டவாளம் மாதிரி நேராகக் கூடத்தின் குறுக்கே நீண்டது. ஒன்பது இலைகளும் காத்திருந்தன. நெய் உறைந்தது.

சந்தானம் வாளியோடு என் காலுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றான். ஒரு மனுஷன் நீட்டின காலைத் தாண்டிக்கொண்டு போவது எங்களவர்களில் பெரிய மரியாதைக் குறைவு.

"காலை மடக்கிக்கோடா" என்றான். "வழி விடு."

மடக்கப் பார்த்தேன். என்னை நம்புங்கள், நான் முழு மனசோடு மடக்கப் பார்த்தேன். கண்ணில் ஜலம் வந்துவிட்டது. நிபாரண் பாபு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என் காலைப் பார்த்தார்.

"ஏ கீ, பாலு பாபு!" என்றார், இது என்ன என்று. அப்புறம் அவர் பேசினதெல்லாம் பாதி வங்காளம், பாதி இங்கிலீஷ். நான் தமிழில் எழுதுகிறேன். "இப்படியே இருங்கள். முதலில் எல்லோரும் சாப்பிடட்டும். பொங்கல் ஆறிவிடும்."

எல்லோரும் சாப்பிட்டார்கள். அவர் சர்க்கரைப் பொங்கலை மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன், காலை நீட்டிக்கொண்டு. சந்தானம் ஒவ்வொரு தரமும் சமையலறை வழியாகச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்து இலைகளுக்குப் பரிமாறினான். கையலம்பிவிட்டு வந்து டாக்டர் பையைத் திறந்தார். வேஷ்டியை விலக்கி, இங்கே வலிக்கிறதா, இங்கே வலிக்கிறதா என்று கேட்டார். எல்லா இடத்திலும் இல்லை என்று சொன்னேன். சொல்லச் சொல்ல நான் துள்ளினேன்.

"உள்ளே தசைநார் கிழிந்திருக்கிறது. ஆறு வாரம் நடக்காமல் இருந்தால் பழையபடி ஆகிவிடும். நாளை மறுநாள் இதோடு பரீட்சைக்குப் போனால் ஆயுசு முழுக்க நொண்டி."

"டாக்டர் பாபு, இரண்டே நாள்! பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள். நீங்கள் சாப்பிடத்தானே வந்தீர்கள்?"

அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார். "சாப்பிட மட்டும் எங்கே வந்தேன்? சந்தானம் பாபுதான் சொன்னார், உங்களுக்குக் காலில் அடி, கூச்சப்பட்டு மறைக்கிறீர்கள், வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று. நல்ல சிநேகிதர். இல்லாவிட்டால் பையை எதற்கு எடுத்து வருகிறேன்?"

மூன்று தரம் பொங்கல் சாப்பிட்ட அதே கையால் 'லாயக்கில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சந்தானம் முற்றத்துக் குழாயடியில் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அது எங்கள் வேலையே இல்லை. வைத்தியின் வேலை. சுவரைப் பிடித்துக்கொண்டு நான் அங்கே போய்ச் சேர அரை நாள் ஆயிற்று.

"பரிமாறுன்னு நீதானேடா சொன்னே?"

அவன் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"நீ டாக்டர்கிட்டப் போய்ச் சொல்லியிருக்கலாம். நேரா எங்கிட்டயே சொல்லியிருக்கலாம், 'பாலு, உன்னாலே முடியாது, விலகு'ன்னு. இப்படிப் பந்தியிலே, பத்துப் பேர் முன்னாலே..."

"சொன்னா கேட்டிருப்பியா? மண்டி போட்டுக் காட்டுன்னேன். காட்டினியா?"

"அன்னிக்குக் காட்டியிருப்பேன்."

"காட்டியிருக்க மாட்டே! கால் போயிருக்கும் உனக்கு. நொண்டியா மாயவரத்துக்குத் திரும்பியிருப்பே. உன் காலுக்காகத்தான்டா பண்ணினேன்."

"என் காலுக்காகவா? உன் பரீட்சைக்காகவா?"

குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதை நிறுத்தினான்.

"ரெண்டுக்கும்தான்" என்றான்.

இந்த ஒரு பதிலுக்காக இன்றைக்கும் அவனை நான் மெச்சுகிறேன். அந்தச் சமயத்தில் வாளியைப் பிடுங்கி அவன் தலையில் கவிழ்த்தேன் என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். கவிழ்க்கவில்லை. "நின்னா ரெண்டு பேரும் நின்னுடுவோம்னு சொன்னவன் யாரு?" என்று கேட்டேன். அவன் மறுபடி வாளியைத் தேய்க்க ஆரம்பித்தான். அன்று மாலை டிரங்குப் பெட்டியிலிருந்து என் துணிகளை எடுத்து ஒரு கோணியில் கட்டிக்கொண்டேன்.

பரீட்சையன்று நான் மைதானத்துக்குப் போனேன். போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், வைத்தியும் சொன்னான். ட்ராமில் ஏறிப் போய் சௌரங்கி ரோடு ஓரத்தில் ஜால்முடி என்கிற காரப்பொரி விற்கிறவர் பக்கத்தில், வேஷ்டியும் சால்வையுமாக நின்றுகொண்டேன். அணி வந்தது. சந்தானம் முன்னால். அவனுக்குப் பின்னால் என் இடத்தில் யாரோ ஒரு ஒல்லி வங்காளி. ஹவில்தார் கத்துவது அங்கேயே கேட்டது. முன் வரிசை மண்டியிட்டது, எழுந்தது. வரிசை மாறிற்று. அந்த ஒல்லி வங்காளி முன்னால் வந்தான். நான் நிற்கவேண்டிய புல்லில் நின்றான்.

கட்டளை வந்தது. நானும் இறங்கினேன்.

இதில் நான் ஒன்றும் சேர்க்கப் போவதில்லை. கையில் ஒரு பழைய குடை இருந்தது. அதையே துப்பாக்கியாகத் தோளில் வைத்து, வலது முழங்காலைப் புல்லில் ஊன்றி மண்டியிட்டேன். நெருப்பை மிதித்த மாதிரி இருந்தது. ஆனால் மண்டியிட்டேன். 'பார்த்தியாடா, பார்த்தியாடா' என்று மனசுக்குள் கத்தினேன். அறுநூறு கஜத்துக்கு அந்தப் பக்கம் அவன் முதுகு தெரிந்தது.

எழுந்திருக்கச் சொல்லிக் கட்டளை வந்தது. அவர்களெல்லாம் எழுந்தார்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. முயற்சி பண்ணினேன், குடையை ஊன்றினேன், குடை ஒடிந்தது. அடுத்த கட்டளை வந்தது, அதற்கடுத்தது வந்தது, நான் அங்கேயேதான் இருந்தேன். ஜால்முடிக்காரர் தன் தகரப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "கீ ஹொயேச்சே, தாதா?" (என்ன ஆச்சு, அண்ணா?) என்று கேட்டு என்னைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார். ஒரு காகிதப் பொட்டலத்தில் ஜால்முடி போட்டுக் கொடுத்தார். காரத்துக்குக் கண்ணீர் வருவது ஒன்றும் கௌரவக் குறைவில்லை, ஆகையால் அதைத் தின்றுகொண்டே ட்ராமுக்கு நின்றேன்.

ஆக, சந்தானம் சொன்னதுதான் சரி. நான் தவறியிருப்பேன், அவனையும் என்னோடு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். இது எனக்குத் தெரியும், அந்த ஜால்முடிக்காரருக்குத் தெரியும். சந்தானத்துக்கு நான் சொல்லவே இல்லை. அவனிடம் எப்போது பேச்சு வந்தாலும், "மண்டி போட்டிருப்பேன்டா, எழுந்தும் இருந்திருப்பேன்" என்றுதான் சொல்வேன். அவன் தலையைக் குனிந்துகொள்வான். உண்மையைச் சொல்லியிருந்தால் அவனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அதனால்தான் சொல்லவில்லை. பந்தியில் பத்துப் பேருக்கு முன்னால் என் விரல்களைப் பிரித்தானே, அது சரியாகிவிடுமா?

அவன் ராஞ்சிக்குப் போனான். கடிதம் போட்டான், ஐந்து கடிதம். கூடாரம், குளிர், தோட்டாச் சத்தம் எல்லாம் எழுதினான். நான் பதில் போடவில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். சண்டை முடிந்து சட்டைக் கையில் ஒரு பதவிப் பட்டையோடு திரும்பி வந்து மறுபடியும் சணல் மூட்டைகளுக்கு நம்பர் போட்டான். அவன் பெண்டாட்டி பாகீரதி ஊரிலிருந்து வந்தாள், என் பெண்டாட்டி ராஜலக்ஷ்மியும் வந்தாள். மெஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு பேரும் காளிகாட்டிலேயே அடுத்தடுத்த சந்தில் குடித்தனம் வைத்தோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதில் அவனுக்கு முதல் பிள்ளை. புண்ணியாஜனத்துக்கு எங்களைக் கூப்பிட்டான். போனோம். கூடத்தில் பந்தி போட்டார்கள். அந்தக் கூடமும் ட்ராம் வண்டி அகலம்தான். காளிகாட்டில் அதற்குமேல் அகலமாக யாரும் வீடு கட்டுவதில்லை. வீட்டுக்காரன் என்ற முறையில் சந்தானமே சாம்பார் வாளியை எடுத்தான்.

நான் முதல் இலையில் உட்கார்ந்தேன். இடது காலை மடக்கினேன். வலது காலை நேராகக் கூடத்தின் குறுக்கே நீட்டினேன்.

சந்தானம் வாளியோடு வந்தான். என் கால் முன்னால் நின்றான்.

நான் அண்ணாந்து பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 'காலை மடக்கிக்கோ' என்று அவன் சொன்னால் போதும். ஒருதரம் சொன்னவன்தானே? நான் காத்திருந்தேன்.

வாளியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவன் வாளியைக் கை மாற்றிக்கொண்டான். திரும்பிச் சமையலறைக்குள் போய், பின்கட்டைச் சுற்றி, சந்துப் பக்கமாக வந்து, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து பரிமாற ஆரம்பித்தான். ரசத்துக்கும் அப்படியே. மோருக்கும் அப்படியே.

திரும்பி வரும்போது சந்தில் ராஜலக்ஷ்மி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்னா, ஆத்திலே தினம் சம்மணம் போட்டுண்டு உக்காந்து ரெண்டு ஆழாக்குச் சோறு சாப்பிடறேளே! இங்கே வந்தா மட்டும் அந்தக் காலுக்கு என்ன வந்துது?"

"பழைய அடி" என்றேன்.

"பழைய அடியா! நேத்திக்குக்கூட மொட்டை மாடியிலே பூனையைத் துரத்திண்டு ஓடினேள்!"

"ஆறு வாரத்திலே சரியாயிடும்னு டாக்டர் சொன்னார். ஆயிடுத்து. ஆனா, இதை மட்டும் பாகீரதிகிட்டச் சொல்லிடாதே."

அவள் சொல்லவில்லை. சந்தானத்தின் வீட்டில் அதற்கப்புறம் எத்தனையோ விசேஷம்: பூணூல், கல்யாணம், சீமந்தம், அவனுடைய அறுபதாம் கல்யாணம். எல்லாவற்றுக்கும் போனேன். முதல் இலை எனக்கு. அவனுக்கும் வயதாகிவிட்டது, வாளி கனக்கிறது, பிள்ளைகள் "நான் பரிமாறறேன்பா" என்று கை நீட்டுகிறார்கள். என் வரிசைக்கு மட்டும் அவன் யாரிடமும் வாளியைக் கொடுப்பதில்லை.

போன மாதம் அவன் பேத்திக்கு நிச்சயதார்த்தம். போனேன். இடது காலை மடக்கினேன், வலது காலை நீட்டினேன். அவன் மூச்சிரைக்க வாளியோடு வந்து நின்றான். நான் அண்ணாந்து பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை வாளியைப் பார்க்கவில்லை.

அப்புறம் சுற்றிக்கொண்டு போனான்.